திபெத்திய உணவகத்தில் முதல் முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடகுக்குச் சுற்றுலா செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பைலகுப்பே என்ற திபெத்தியக் குடியிருப்பின் தங்கக் கோயிலைப் பார்த்துவிட்டுப் பசியோடு வெளியே வருவதும், அருகிலுள்ள உணவகத்தின் பட்டியலில் ஒரு பெயரும் புரியாமல் திகைப்பதும், கடைசியில் முட்டை ஃபிரைடு ரைஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வண்டியேறுவதும் நான் பலமுறை கண்ட காட்சி. உறவினரையும் நண்பரையும் அங்கே அழைத்துச் சென்ற நாட்களில் அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், அவற்றுக்கு நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

திபெத்திய உணவு சீன உணவின் இன்னொரு வகைதானே?

இல்லை. அப்படித் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது: நூடுல்ஸும் சோயா சாஸும் ஆவியில் வெந்த மாவுப் பண்டங்களும் இரண்டிலும் உண்டு, நீண்ட நூடுல்ஸ் போட்ட சூப்பைத் திபெத்தியர்களே ‘சீனத் துக்பா’ என்று பொருள்படும் ‘கியாதுக்’ என்ற பெயரால்தான் அழைக்கிறார்கள். ஆனால் அடிப்படை வேறு. திபெத்தியப் பீடபூமியின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீட்டர். அந்த உயரத்தில் நெல் விளையாது. குளிர் தாங்கும் பார்லியும், தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் கோதுமையும் விளையும். காய்கறி குறைவு, மேய்ச்சல் நிலம் மிகுதி. மேலும், 4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 87 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், நாம் வேகவைப்பதுபோல் பருப்பையும் அரிசியையும் குழைய வேகவைக்க நெடுநேரமும் நிறைய விறகும் வேண்டும். விறகும் அங்கே அரிது. ஆகவே முன்பே வறுத்து அரைத்த மாவு, மெல்லியதாகக் கிள்ளிப் போட்டால் உடனே வெந்துவிடும் மாவுத் துண்டு, எலும்புச் சாறு, வெண்ணெய், உப்பு ஆகியவற்றைச் சுற்றியே அந்தச் சமையல் வளர்ந்தது.

இன்று நாம் உணவகத்தில் காண்பது அதன் இரண்டாவது வாழ்க்கை. 1959 மார்ச்சில் தலாய் லாமா லாசாவை விட்டு வெளியேறியபின் அகதிகளாக வந்தவர்களுக்கு அன்றைய மைசூர் அரசு காட்டு நிலத்தை ஒதுக்கியது. 1960-இல் பைலகுப்பேயில் குடியிருப்பு தொடங்கியது. வந்தவர்கள் காட்டைத் திருத்தி மக்காச்சோளம் பயிரிட்டார்கள். பார்லியின் இடத்தைப் பெரும்பாலும் மைதாவும் கோதுமையும் பிடித்துக்கொண்டன. கோஸும் தக்காளியும் கொத்தமல்லித்தழையும் தாராளமாக நுழைந்தன.

எங்கே போய்ச் சாப்பிடலாம்?

தமிழ்நாட்டிலிருந்து செல்வோருக்கு எளிதானது பைலகுப்பே. மைசூரிலிருந்து மடிக்கேரி செல்லும் வழியில், குஷால்நகரை எட்டுவதற்குச் சற்று முன்பு இருக்கிறது. தங்கக் கோயில் என்று நாம் சொல்லும் நாம்த்ரோலிங் மடாலயத்தின் பக்கத்திலேயே உணவகங்கள் உண்டு. ஆனால் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்காகச் சுவையைச் சற்று மாற்றிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். ‘முகாம்’ என்று அழைக்கப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கு உள்ளே, செரா மடாலயத்தின் பக்கம், துறவிகளும் பள்ளிப் பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிடும் சிறு கடைகளே மேல். கொடைக்கானலிலும் திபெத்திய உணவகங்கள் உண்டு. வடக்கே போகிறவர்களுக்கு டெல்லியின் மஜ்னு கா டில்லாவும் தர்மசாலாவை அடுத்த மெக்லியோட்கஞ்சும் இருக்கின்றன. குளிர்காலத்தில் நம் ஊர்களுக்கு வந்து ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்களில் பலர் கர்நாடகக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள்; அவர்களிடம் எந்தக் கடை நல்லது என்று கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள்.

முதல் முறை போகிறவர் எதைக் கேட்க வேண்டும்? மோமோவா?

மோமோவை நீங்கள் சென்னையிலும் கோவையிலும் தெருவோரத்திலேயே தின்றிருப்பீர்கள். ஆகவே முதலில் தென்துக் கேளுங்கள் என்பேன். ‘தென்’ என்றால் இழுத்தல். ‘துக்’ என்பது சூப்பைக் குறிக்கும் துக்பாவின் சுருக்கம். பிசைந்து ஊறவைத்த மாவைப் பட்டையாக உருட்டி, கையில் நீளமாகத் தொங்கவிட்டு, கொதிக்கும் சாற்றுக்கு மேலே நின்றபடி கட்டைவிரல் அகலத்துக்குக் கிள்ளிக் கிள்ளி எறிவார்கள். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வடிவில் இருக்கும். ஓரம் மெல்லியதாகவும் நடு சற்றுத் தடித்தும் இருப்பதால் ஒரே வாயில் இரண்டு விதமான மென்மை கிடைக்கும். சாற்றில் இஞ்சி, பூண்டு, வெங்காயம், தக்காளி, முள்ளங்கி, கீரை, மெல்லிய இறைச்சித் துண்டுகள் இவ்வளவுதான் இருக்கும். பார்த்தால் எளிமை, ஆனால் சமையற்காரரின் கை தெரிவது இதில்தான். மோமோவைக் காரச் சட்னியால் ஒப்பேற்றிவிடலாம், தென்துக்கின் சாறு சுமாராக இருந்தால் ஒளிவதற்கு இடமில்லை.

கிண்ணம் பெரியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முதல் முறை செல்வோர் ஆளுக்கொரு தென்துக்கும் ஆளுக்கொரு தட்டு மோமோவும் சொல்லிவிட்டுப் பாதியை மீதம் வைப்பது வழக்கம். நான்கு பேர் என்றால் இரண்டு தென்துக், ஒரு தட்டு மோமோ, திங்மோ என்ற ஆவியில் வெந்த ரொட்டியுடன் ஷாப்தா என்ற இறைச்சி வதக்கல் ஒன்று, இவ்வளவே போதும். வேண்டுமானால் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பட்டியலில் உள்ள மற்றப் பெயர்களுக்கு என்ன பொருள்?

துக்பா என்பது நூடுல்ஸ் சூப்புக்கான பொதுப்பெயர். பக்துக் என்றால் சிறு சோழிபோலச் சுருட்டிய மாவுத் துண்டுகள் போட்டது, கிடைத்தால் விடாதீர்கள். ஷாப்தா, மெல்லியதாக நறுக்கி மிளகாயோடு வதக்கிய இறைச்சி. ஷாபலே, இறைச்சியை உள்ளே வைத்து எண்ணெயில் பொரித்தது. அரைவட்ட வடிவில் செய்யும்போது நம் சோமாஸைப் பெரிதாக்கினாற்போல் இருக்கும், கடித்தால் சூடான சாறு சட்டையில் தெறிக்கும். பிங் என்பது பச்சைப்பயறு மாவில் செய்த, வெந்தபின் கண்ணாடிபோலத் தெரியும் சேமியா.

ஒரு சின்னத் தந்திரம் சொல்கிறேன். திபெத்திய மொழியில் ‘ஷா’ என்றால் இறைச்சி, ‘ட்ஸே’ என்றால் காய்கறி. பட்டியலில் ‘ஷா’ என்ற எழுத்தைக் கண்டால் அது அசைவம் என்று கொள்ளலாம். விதிவிலக்கு ‘ஷாமோ’, அது காளான்.

மோமோவை எப்படிச் சாப்பிடுவது?

சூடாக, உடனே. புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தால் மேல்தோல் ரப்பராகிவிடும். கையால் எடுத்துச் சாப்பிடலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். இறைச்சி மோமோவை ஓரத்தில் சிறிதாகக் கடித்து, உள்ளே ஊறியிருக்கும் சாற்றை உறிஞ்சிவிட்டுப் பிறகு முழுவதும் உண்ண வேண்டும். முள்கரண்டியால் குத்தினால் அந்தச் சாறு தட்டுக்குப் போய்விடும், அதை உள்ளே தக்கவைக்கத்தான் பாடுபட்டு மடித்திருக்கிறார்கள். பக்கத்தில் வரும் சிறு கிண்ணச் சூப் இடையிடையே குடிப்பதற்கு. அதில் மோமோவை ஊறவைக்க வேண்டியதில்லை.

காரமே இல்லையே, உப்புச் சப்பில்லாமல் இருக்கிறதே?

இதுதான் நம்மவர்களிடமிருந்து எழும் முதல் குறை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தானே விளங்கும். நம் சமையலில் காரம் பாத்திரத்திலேயே முடிவாகிவிடுகிறது. குழம்பு மேசைக்கு வரும்போது அதன் குணம் உறுதியாகிவிட்டிருக்கும். திபெத்தியச் சமையலில் காரத்தை மேசையில் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்கிறார். ‘செபென்’ என்னும் மிளகாய்ச் சட்னி ஒவ்வொரு மேசையிலும் இருக்கும்: காய்ந்த மிளகாய், பூண்டு, தக்காளி, சில இடங்களில் கொத்தமல்லித்தழை. சில கடைகளில் ‘யெர்மா’ என்ற சிச்சுவான் மிளகையும் அரைத்துச் சேர்ப்பார்கள். பெயர்தான் மிளகு, தாவரவியலில் எலுமிச்சைக் குடும்பம், நாக்கை எரிப்பதற்குப் பதிலாக மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவரிடம் ஊசி போட்டதுபோல் உதடு சிலிர்த்தால் பயப்பட வேண்டாம், அது யெர்மாதான்.

ஆனால் கிண்ணம் வந்தவுடன் செபெனை அள்ளிப் போட்டுக் கலக்கிவிடாதீர்கள். முதல் நான்கைந்து கரண்டியை அப்படியே குடியுங்கள். புளியும் மல்லித்தூளும் இல்லாத இடத்தில் எலும்பின் இனிப்பும் முள்ளங்கியின் மணமும் கோதுமையின் சுவையும் தனித்தனியே தெரியும். அதன்பின் சிறிது செபென், சிறிது சோயா சாஸ், சில துளி வினிகர் என்று நாக்கு கேட்கும் அளவுக்குச் சேர்த்துக்கொண்டே போகலாம். பாதிக் கிண்ணத்துக்குள் இரண்டு மூன்று சுவைகளைப் பார்த்துவிடலாம்.

திங்மோ என்று ஒரு வெள்ளைப் பந்து வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லையே?

ஒன்றும் இருக்கக்கூடாது. புளித்த மாவை அடுக்கடுக்காகச் சுருட்டி ஆவியில் வேகவைத்தது திங்மோ. இட்லி சாம்பாரை உறிஞ்சுவதுபோல் இது குழம்பை உறிஞ்சுவதற்காக இருக்கிறது. தனியாகத் தின்றால் உங்களுக்குப் பிடிக்காது, அது திங்மோவின் குற்றமன்று. அடுக்குகளைக் கையால் பிரித்து, ஷாப்தாவின் சாற்றையோ உருளைக்கிழங்கும் பிங்கும் சேர்ந்த குழம்பையோ துடைத்துச் சாப்பிடுங்கள். பரோட்டாவைச் சால்னாவில் தோய்த்துத் தின்று வளர்ந்தவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நான் சைவம். எனக்கு ஏதாவது கிடைக்குமா?

நிறையக் கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். கோஸ், காரட், பன்னீர், கீரை, உருளைக்கிழங்கு வைத்த மோமோ எங்கும் உண்டு. சிக்கல் சாற்றில்தான் இருக்கிறது. ‘வெஜ் தென்துக்’ என்று பட்டியலில் இருந்தாலும் சில கடைகளில் அடிப்படைச் சாறு எலும்பில் கொதித்ததாக இருக்கலாம். மோமோவுடன் இலவசமாக வரும் சூப்பும் அப்படியே. ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லை, இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் அது காய்கறி உணவு என்று கருதும் பழக்கமே காரணம். என் பெரியம்மா ஒருமுறை பாதிக் கிண்ணம் குடித்தபின்தான் சந்தேகம் வந்து கேட்டார். விடை வந்தபின் அன்று முழுவதும் அவர் வேறெதையும் தொடவில்லை. ஆகவே “சாறு எதில் வைத்தது? எலும்பு போட்டதா?” என்று முன்கூட்டியே வெளிப்படையாகக் கேளுங்கள். ஆவிப் பாத்திரமும் எண்ணெயும் சைவம், அசைவம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம் என்பதும் உங்களுக்கு முக்கியமானால், முழுச் சைவ உணவகத்தைத் தேடுவதே நல்லது. மடாலயங்களைச் சுற்றி அப்படிப்பட்டவை உண்டு. வெங்காயமும் பூண்டும் தவிர்ப்பவர்களுக்கு மட்டும் இந்த உணவு கடினம்.

பௌத்தர்கள் இறைச்சி உண்ணலாமா? என்ன இறைச்சி கொடுப்பார்கள்?

தமக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும், அப்படி ஐயுறாமலும் இருந்தால் துறவியும் அந்த இறைச்சியை ஏற்கலாம் என்பது பழைய பௌத்த விதி. காய்கறி விளையாத நாட்டில் அது வாழ்வுக்கான தேவையாகவும் இருந்தது. ஆனால் குறைத்துக்கொள்ளும் போக்கும் வலுவாக இருக்கிறது: தென்னிந்தியாவிலுள்ள பெரிய மடாலயங்களின் பொதுச் சமையற்கூடங்களில் இறைச்சி சமைப்பதில்லை, புத்தரை நினைவுகூரும் சாகா தாவா என்ற நான்காம் மாதத்தில் பொதுமக்கள் பலரும் இறைச்சியைத் தவிர்க்கிறார்கள். தலாய் லாமா 1960-களின் நடுவில் முழுச் சைவத்துக்கு மாறி, மஞ்சள்காமாலை கண்டபின் மருத்துவர் சொல்லுக்கு இணங்கி மீண்டும் இறைச்சி உண்டதைத் தாமே பலமுறை சொல்லியிருக்கிறார்.

நம் வழக்கத்துக்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. நாம் ‘மீன்தானே, கோழிதானே’ என்று சின்ன உயிரை எளிதாக எடுத்துக்கொள்வோம். மரபான திபெத்தியர் பலர் மீனைத் தொடமாட்டார்கள். ஒரு பெரிய விலங்கைக் கொன்றால் பலர் பல நாள் உண்ணலாம், அதே பசிக்கு எத்தனை சிறு உயிர்கள் போகும் என்று கணக்கிடுவார்கள். இன்றைய உணவகங்களில் கோழி எங்கும் உண்டு. ஆட்டிறைச்சி, பன்றி, மாட்டிறைச்சி ஆகியவை கடைக்குக் கடை மாறும். நீங்கள் உண்ணாத இறைச்சி எதுவோ அதைச் சொல்லி, மோமோவுக்குள் இருப்பது என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதால் யாரும் வருந்தமாட்டார்கள்.

வெண்ணெய்த் தேநீரைக் குடிக்க முடியுமா?

தேநீர் என்று நினைத்துக் குடித்தால் முடியாது, சூப் என்று நினைத்துக் குடித்தால் முடியும். இதைவிடச் சிறந்த அறிவுரை என்னிடம் இல்லை. ‘போ சா’ என்பது செங்கல்போல் அழுத்திய தேயிலையை நெடுநேரம் காய்ச்சி, உப்பும் வெண்ணெயும் சேர்த்து, நீண்ட மரக்குழாயில் கடைந்து எடுப்பது. கடுங்குளிரில் உடலுக்குக் கொழுப்பும் உப்பும் வேண்டும், வறண்ட காற்றில் உதடு வெடிக்காமலும் இருக்க வேண்டும். அந்த ஊருக்கு அது சரியான பானம். பைலகுப்பேயில் மரக்குழாயின் வேலையை மிக்ஸி செய்கிறது, வெண்ணெய் நம் பசுவினுடையது. திபெத்தில் சேர்ப்பது கவரிமாவின் வெண்ணெய் என்று பலர் சொல்வார்கள். கவரிமாவை நாம் ஆங்கிலம் வழியாக ‘யாக்’ என்கிறோம், ஆனால் அந்தச் சொல் திபெத்திய மொழியில் கடாவை மட்டுமே குறிக்கும், பெண் விலங்கின் பெயர் ‘த்ரி’. ஆகவே ‘யாக் பால்’ என்றால் அவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

ஒரு வீட்டில் உங்களுக்கு இதைக் கொடுத்தால், ஒவ்வொரு மடக்குக்கும் கோப்பையை மீண்டும் நிரப்பிவிடுவார்கள். போதும் என்றால் நிரம்பிய கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, கிளம்பும்போது குடித்து முடிப்பது வழக்கம். உணவகத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இருவருக்கு ஒரு கோப்பை வாங்கிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் ‘சா நார்மோ’ என்ற இனிப்புப் பால் தேநீர் இருக்கிறது, அது நம் ஊர்த் தேநீரின் தங்கை.

ட்ஸம்பா கிடைக்குமா?

கடைகளில் மாவாக விற்பார்கள். உணவகங்களில் எப்போதும் கிடைக்காது. வறுத்து அரைத்த பார்லி மாவு அது. நம் சம்பா நெல்லோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. கிண்ணத்தில் சிறிது வெண்ணெய்த் தேநீர் ஊற்றி, மாவைப் போட்டு, விரல்களால் ஓரத்திலிருந்து பிசைந்து உருண்டையாக்கி உண்பார்கள். அடுப்பே தேவையில்லை என்பதுதான் நாடோடிக்கும் பயணிக்கும் அது உணவானதன் காரணம். சத்துமாவைப் பிசைந்து உருட்டித் தின்றவர்களுக்கு அந்த வறுத்த வாசனை உடனே நெருக்கமாகிவிடும்.

குழந்தைகளுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஏற்றதா?

குழந்தைகளுக்கு மிக ஏற்றது. காரம் தனியாக இருப்பதே பெரிய வசதி. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனமாக இருக்க வேண்டும்: மோமோ, துக்பா, திங்மோ எல்லாமே கோதுமை, பிங்கில் இல்லாவிட்டாலும் அதில் ஊற்றும் சோயா சாஸில் பெரும்பாலும் இருக்கும். அஜினோமோட்டோ வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். பச்சைப்பயறு மாவில் செய்து, மிளகாய் எண்ணெயும் பூண்டுத் தண்ணீரும் ஊற்றிக் குளிர்ச்சியாகக் கொடுக்கும் லாபிங் என்ற தெருப் பண்டத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்கே கண்ணில் நீர் வரும்.

பரிமாறுபவரிடம் எப்படிப் பேசுவது? எப்போது போகலாம்?

‘தாஷி தெலே’ என்பது வாழ்த்து, ‘துக்ஜே சே’ என்பது நன்றி, ‘ஷிம்பு து’ என்றால் சுவையாக இருக்கிறது. கடை நடத்தும் வயதான அம்மாவை ‘அமா-லா’ என்று கூப்பிடலாம். ‘அமா’ என்றால் தாய், ‘லா’ மரியாதைக்கான ஒட்டு. நம் வாயில் அது இயல்பாகவே ‘அம்மா’ ஆகிவிடும், அவர்களுக்கும் புரிந்துவிடும். கர்நாடகத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்குக் கன்னடமும் இந்தியும் தெரியும்.

அவசரமாகப் போகாதீர்கள். கிள்ளிப் போடும் தென்துக் நீங்கள் சொன்னபின்தான் தொடங்கும். பிப்ரவரி, மார்ச்சில் வரும் லோசார் என்ற புத்தாண்டு நாட்களிலும், சீன ஆட்சிக்கு எதிரான 1959 திபெத்திய எழுச்சியை நினைவுகூரும் மார்ச் 10 அன்றும், தலாய் லாமாவின் பிறந்தநாளான ஜூலை 6 அன்றும் கடைகள் மூடியிருக்கலாம்.

சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு என்ன கேட்பது?

அப்படி ஒரு வழக்கம் அவர்களிடம் இல்லை. பட்டியலில் இருக்கும் வாழைப்பழ அப்பமும் கேக்கும் பயணிகளுக்காக வந்தவை. லோசார் சமயத்தில் போக வாய்த்தால் ‘கப்ஸே’ கேளுங்கள். மாவை முறுக்கியும் மடித்தும் எண்ணெயில் பொரித்து, தீபாவளிப் பலகாரம்போல் வீடுவீடாகக் கொடுத்துக்கொள்வார்கள். சில கடைகளில் கண்ணாடிச் சாடியில் பழைய கப்ஸே இருக்கும். வாங்குமுன் ஒன்றை உடைத்துப் பாருங்கள்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

தென்துக் செய்யலாம். இரண்டு பேருக்கு ஒரு கப் மைதாவில் சிறிது உப்பும் எண்ணெயும் சேர்த்துச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாகப் பிசைந்து, எண்ணெய் தடவி, மூடி அரை மணி நேரம் வையுங்கள். இந்த அரை மணி நேரத்தைக் குறைத்தால் மாவு இழுபடாமல் அறுந்துவிடும். இஞ்சி, பூண்டு, வெங்காயம், தக்காளி வதக்கி, முள்ளங்கி போட்டு, நான்கு கப் தண்ணீரோ எலும்புச் சாறோ ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். மாவைப் பட்டையாக இழுத்து, கொதி அடங்காமல் பார்த்துக்கொண்டு, கிள்ளிப் போடுங்கள். துண்டுகள் மேலே மிதந்தபின் இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் கீரையைப் போட்டு இறக்கலாம். முதல் முறை துண்டுகள் தடியாகத்தான் வரும். என்னுடையவை இன்றைக்கும் தடிதான். கிள்ளும் வேலையை வீட்டில் பத்து வயதுப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டேன், அவள் விரல்களுக்கு அது நன்றாக வருகிறது.